குதிரை மெதுவாக வந்ததா?



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை எந்த அம்மையாரின் பெயரில் அமைந்திருக்கிறதோ, அவர் தம் பணிக்காலம் முழுவதையும் பாலர் வகுப்பிலேயே கழித்தவர். அதனால் பல்கலைக்கழகத்துக்கு ஏற்ற தலைப்பு ஒன்றை இங்கே எடுத்துவர எனக்கு மனம் வரவில்லை. நான்கு வயதுக் குழந்தையிடம் ஒரு பெரிய வரலாற்று அநீதியையும் அது முடிந்த நாளையும் எப்படிச் சொல்வது என்பதுதான் இன்று என் பேச்சு. எடுத்துக்கொண்ட நாள், டெக்சஸில் அடிமைப்பட்டிருந்தவர்களுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டதன் நினைவாக அமெரிக்காவில் ஜூன் 19ஆம் தேதி கொண்டாடப்படும் ஜூன்டீன்த். ஜூன் என்பதையும் பத்தொன்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் கடைசிப் பாதியையும் மக்களே பேச்சுவழக்கில் ஒட்டவைத்த பெயர் அது.

ஹூஸ்டன் நகரை ஒட்டிய ஊர் ஒன்றில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பேத்தி போகும் பகல்நேரக் காப்பகத்துக்குக் கதை சொல்ல நானும் போய்வந்தேன். டெக்சஸில் ஜூன் மாதம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. காப்பகங்களுக்கு விடுமுறை கிடையாது. ஆகவே அந்த நாளைப் பற்றி முதன்முதலாகக் குழந்தையிடம் பேசும் பொறுப்பு பெரும்பாலும் காப்பக ஆசிரியைமேல்தான் விழுகிறது.

ஒரு ஜூன் காலை. விரிப்பில் குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியை ஒரு துணிப் பலகையில் அமெரிக்க வரைபடத்தை ஒட்டி, அட்டையில் வெட்டிய குதிரை ஒன்றை வலப்பக்கத்திலிருந்து மெல்ல நகர்த்தினார். குதிரைமேல் நீலச் சட்டைப் படைவீரர். அவர் கையில் ஒரு கடித உறை. "எல்லாருக்கும் விடுதலைன்னு கடிதத்தில எழுதியிருக்கு. ஆனா அது டெக்சஸுக்கு வந்து சேர ரெண்டரை வருஷம் ஆயிடுச்சு" என்றார். ஒரு பையன் கேட்டான்: "குதிரை மெதுவா வந்துச்சா?" ஆசிரியை, "ஆமாம் கண்ணா, ரொம்ப தூரம் இல்லையா?" என்றார். பிறகு எல்லாரும் காகிதக் கொடி ஒட்டினார்கள்.

மாலை வீடு திரும்பும்போது காரின் பின்னிருக்கையிலிருந்து என் பேத்தி கேட்டாள்: "பாட்டி, அந்தக் குதிரைக்குக் கால் வலிச்சிருக்குமா?"

அந்த ஆசிரியை நல்லவர், குழந்தைகள்மேல் உயிராக இருப்பவர். ஆனாலும் அன்று முழுவதும் அந்த வகுப்பின் இரக்கம் குதிரையின் மீதே போய் நின்றது. டெக்சஸில் அடிமைப்பட்டிருந்த இரண்டரை லட்சம் மனிதர்களின் கதையைச் சொல்லி, பரிதாபத்துக்குரியது குதிரை என்று குழந்தை முடிவு செய்யும்படி ஆகிவிட்டது. அந்தக் கேள்விதான் இந்தப் பேச்சுக்கு வித்து. சிறு குழந்தைக்கு வரலாற்றைச் சுருக்கிச் சொல்லலாம். மாற்றிச் சொல்லக் கூடாது. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மற்றவை அதற்கு விளக்கம்.

1. தாமதமாக வந்தது செய்தி அன்று

ஆபிரகாம் லிங்கனின் விடுதலை அறிக்கை நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1 அன்று. உள்நாட்டுப் போரில் மத்திய அரசை எதிர்த்துப் போரிட்ட தென்மாநிலங்களில் அடிமைப்படுத்தப்பட்டிருந்தவர்கள் அன்று முதல் விடுதலை பெற்றவர்கள் என்று அது அறிவித்தது. அதே நாளில் டெக்சஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் என்ன நடந்தது தெரியுமா? சில மாதங்களாக அத்துறைமுகத்தைத் தம் கையில் வைத்திருந்த மத்திய அரசுப் படையினரை விரட்டிவிட்டு, தென்மாநிலக் கூட்டமைப்பின் படை அதை மீண்டும் பிடித்தது. அங்கே விடுதலை அறிக்கை நடைமுறைக்கு வருகிறது. இங்கே அதைச் செயல்படுத்தக்கூடிய படை துரத்தப்படுகிறது. இரண்டும் ஒரே தேதியில்.

செய்தி போகாமல் இல்லை. அது தந்தி ஓடிய காலம். 1861லேயே அமெரிக்காவின் கீழைக் கரையும் மேலைக் கரையும் தந்திக் கம்பியால் இணைந்துவிட்டன. பண்ணை முதலாளிகளுக்குச் செய்தி தெரிந்திருந்ததற்கு அவர்கள் செய்த காரியமே சாட்சி. மத்திய அரசுப் படைகள் நெருங்க நெருங்க, லூசியானா, மிசிசிப்பி போன்ற மாநிலங்களின் முதலாளிகள் தங்களிடமிருந்த அடிமை மக்களைக் கூட்டங்கூட்டமாக டெக்சஸுக்கு ஓட்டிச் சென்றார்கள். விடுதலை எட்டாத இடம் எது என்று தேடிப்போய் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அறியாதவர் செய்யும் காரியமா இது?

அடிமைப்படுத்தப்பட்டவர்களிலும் பலருக்கு அது தெரிந்திருந்தது. 1936 முதல் 1938 வரை, அடிமைத்தனத்தில் பிறந்து உயிரோடு எஞ்சியிருந்த முதியவர்கள் 2,300க்கும் மேற்பட்டோரின் வாய்மொழிகளை அமெரிக்க அரசுத் திட்டம் ஒன்று பதிவு செய்தது. டெக்சஸ் முதியவர்களின் பதிவுகளைப் படித்தால், போரில் என்ன நடக்கிறது என்பதைத் தாங்கள் அறிந்தே இருந்ததாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். பருத்தி அறுவடை முடியட்டும் என்று முதலாளி வாய்திறக்காமல் இருந்ததைச் சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

1865 ஏப்ரல் 9 அன்று தென்மாநிலக் கூட்டமைப்பின் தளபதி லீ சரணடைந்தார். டெக்சஸ் பகுதிப் படைகள் ஜூன் 2 அன்றுதான் முறைப்படி சரணடைந்தன. ஜூன் 19 அன்று மத்திய அரசுப் படைத் தளபதி கார்டன் கிரேஞ்சர், அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள் என்று அறிவிக்கும் மூன்றாம் எண் பொது ஆணையைக் கால்வெஸ்டனில் வெளியிட்டார். அவருடன் வந்தவர்கள் ஏறத்தாழ 2,000 படைவீரர்கள். டெக்சஸில் அப்போது அடிமைப்பட்டிருந்தவர்கள் சுமார் 2,50,000 பேர். ஆக, இரண்டரை ஆண்டு தாமதித்து வந்தது செய்தி இல்லை, படை. பிடித்து வைத்திருந்தவர்கள் தாமாக விடவில்லை.

இதெல்லாம் நான்கு வயதுக்குப் புரியுமா என்று கேட்பீர்கள். காப்பக முற்றத்தில் போய் நின்று பாருங்கள். மூன்று சக்கர சைக்கிள் ஒன்றுதான் இருக்கும். "உன் முறை முடிஞ்சிது, இறங்கு" என்று ஆசிரியை திண்ணையிலிருந்து குரல் கொடுப்பார். சைக்கிள் நிற்காது, இன்னொரு சுற்று போகும். ஆசிரியை எழுந்துவந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் கால் தரையில் ஊன்றும். காத்திருக்கும் குழந்தைக்கு அந்த இடைவெளி என்ன என்று நன்றாகத் தெரியும். "மிஸ் சொல்லியும் விட மாட்டேங்கிறான்" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு அவளே முறையிடுவாள். சட்டம் வேறு, அதைச் செயல்படுத்துவது வேறு என்பதை அவள் ஏற்கெனவே உணர்ந்திருக்கிறாள். ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். அடிமைத்தனம் சைக்கிளைத் தராமல் இருப்பது போன்றது என்று குழந்தையிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். மனிதரை ஒரு பொம்மையோடு ஒப்பிட்டதாகிவிடும். குழந்தைக்கு அந்த உணர்வு உண்டு என்று நாம் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

மறு ஆண்டு அதே வகுப்பில் கதை சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆங்கிலத்தில் நான் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "ரொம்ப காலத்துக்கு முன்னாடி, சில பேர் வேற சில பேரைப் பிடிச்சு வெச்சுக்கிட்டாங்க. கறுப்பா இருக்கிறவங்களைத்தான் பிடிச்சு வெச்சாங்க. 'எங்களுக்கே வேலை செய்யணும், சம்பளம் கிடையாது, எங்கயும் போகக் கூடாது'ன்னாங்க. அது ரொம்பத் தப்பு. 'இவங்களை விட்டுடணும்'னு சட்டம் வந்துச்சு. டெக்சஸ்ல இருந்த முதலாளிங்களுக்கு அது தெரியும். தெரிஞ்சும் விடலை. ரெண்டரை வருஷம் விடலை. அப்புறம் படைவீரர்கள் வந்து நின்னு, 'விட்டுத்தான் ஆகணும்'னாங்க. அந்த நாள்தான் ஜூன் 19." ஒரு நிமிடக் கதை. குதிரை இல்லை. கேட்டு முடித்ததும் ஒரு சிறுமி கேட்டாள்: "தெரிஞ்சும் ஏன் விடல?" என் பதில்: "சம்பளம் தராம வேலை வாங்குறது அவங்களுக்கு வசதியா இருந்துச்சு." "அது கெட்ட வசதி" என்றாள் அவள்.

2. கொடுத்தவர் யார்?

விடுதலை என்ற நம் சொல்லுக்குள்ளேயே 'விடு' இருக்கிறது. விடுவிப்பவர் ஒருவர், விடுபடுபவர் ஒருவர். இந்த நாளைப் பற்றிய குழந்தைக் கதைகளில் விடுவிப்பவருக்கே பெரிய இடம் கிடைத்துவிடுகிறது. லிங்கன் கையெழுத்திட்டார், கிரேஞ்சர் வாசித்தார், மக்கள் கைதட்டினார்கள். குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்? நல்லவர் ஒருவர் வந்து தரும்வரை மற்றவர்கள் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள் என்று.

உண்மை வேறு. அந்தப் போரில் மத்திய அரசின் தரைப்படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் போரிட்டார்கள். 1865 ஜூனில் டெக்சஸ் கடற்கரைக்கு வந்து இறங்கிய படைகளிலும் கறுப்பினப் படைப்பிரிவுகள் இருந்தன. அட்டையில் படைவீரரை வெட்டும் ஆசிரியர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா வீரருக்கும் ஒரே வண்ண முகம் வரையாதீர்கள்.

கிரேஞ்சரின் ஆணையையும் முழுதாகப் படிக்க வேண்டும். முன்னாள் எசமானருக்கும் முன்னாள் அடிமைக்கும் உரிமைகளில் முழுச் சமத்துவம் உண்டு என்று சொன்ன அதே ஆணை, விடுதலை பெற்றவர்கள் இருந்த இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுமாறும் அறிவுரை சொன்னது. பலர் அதைக் கேட்கவில்லை. நடந்தார்கள். பிரிக்கப்பட்ட தாயை, கணவனை, குழந்தைகளைத் தேடிப் பக்கத்து ஊருக்கும் பக்கத்து மாநிலத்துக்கும் நடந்தார்கள். பல ஆண்டுகள் கழித்தும் தேடினார்கள். நியூ ஆர்லியன்ஸில் வெளிவந்த ஒரு கிறித்தவ வார இதழ், தொலைந்த உறவுகளைத் தேடுவோருக்கென்றே 1877இல் ஒரு பத்தியைத் தொடங்கியது. அம்மாவின் பெயர் இது, எங்களை விற்றவர் பெயர் இது, அப்போது எனக்கு இன்ன வயது, அம்மா எங்கே என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்கும் சிறு விளம்பரங்கள். அவற்றைப் படித்துவிட்டு என்னால் உடனே அடுத்த வேலைக்குப் போக முடிந்ததில்லை.

அடிமைத்தனத்தைத் தேசம் முழுவதிலும் ஒழித்த சட்டத்திருத்தம் உறுதியானது 1865 டிசம்பர் 6 அன்று. அதுவரை டெலவேரிலும் கென்டக்கியிலும் அடிமைத்தனம் சட்டப்படியே நீடித்தது. இது குழந்தைக்கு வேண்டாம், ஆசிரியருக்கு வேண்டும். "அன்னிக்கு எல்லாமே சரியாயிடுச்சு" என்று கதையை முடிக்காமல் இருப்பதற்கு இது உதவும்.

3. எதைச் சொல்லாமல் விடலாம்

சுருக்கலாம் என்றேன் அல்லவா? சவுக்கு, சங்கிலி, ஏலச் சந்தை மூன்றும் நான்கு வயதுக்கு வேண்டாம். தாயைப் பிரித்து விற்றார்கள் என்பதையும் மூன்று, நான்கு வயதில் நான் சொல்ல மாட்டேன். காலையில் அம்மா விட்டுப்போனதற்கே அழுதுவிட்டு வகுப்புக்கு வந்த குழந்தை அது. ஆனால் "விடுதலை வந்ததும் எல்லாரும் அவங்கவங்க வீட்டு மனுஷங்களைத் தேடிப் போனாங்க" என்று சொல்லலாம். மீதியைக் கேட்கும் வயதில் குழந்தை கேட்கும். அப்போது நாம் முன்பு சொன்னதில் எதையும் திரும்பப் பெற வேண்டியிருக்காது. நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான். குதிரைக் கதை சொன்ன ஆசிரியையோ ஒரு நாள் அதைத் திரும்பப் பெற்றாக வேண்டும்.

நடித்துக் காட்டுவது கூடவே கூடாது. குழந்தைகளைப் பண்ணையாளாகவும் முதலாளியாகவும் பிரித்து விளையாட வைப்பது பாடமாகாது. அவமானம்தான் மிஞ்சும்.

மறுபக்கம், இனிப்புத் தடவுவதும் பொய்தான். 2016இல் அமெரிக்காவின் பெரிய சிறுவர் பதிப்பகமான ஸ்காலஸ்டிக், ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாள் கேக்கைப் பற்றிய ஒரு படப் புத்தகத்தை வெளியிட்டுச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. வாஷிங்டனின் அடிமையாக இருந்த சமையற்காரர் ஹெர்குலிசும் அவர் மகளும் அந்தப் படங்களில் சிரித்த முகத்தோடு கேக் செய்துகொண்டிருந்தார்கள். நிஜ வாழ்வில் ஹெர்குலிஸ் வாஷிங்டனிடமிருந்து தப்பி ஓடியவர். சிரிக்கும் முகத்தைக் காட்டினால் குழந்தை பயப்படாது என்பது உண்மை. அவர் ஏன் ஓடினார் என்பது அந்தக் குழந்தைக்கு என்றைக்கும் விளங்காது என்பதும் உண்மை.

ஏஞ்சலா ஜான்சன் எழுதி, இ. பி. லூயிஸ் ஓவியம் தீட்டி 2014இல் வந்த ஜூன்டீன்த் படப் புத்தகம் இதைவிட நூறு மடங்கு மேல். விடுதலைச் செய்தியை அது ஒரு குழந்தையின் கண்ணால், ஒரு சாதாரண நாளுக்குள் வைத்துச் சொல்கிறது.

4. சிவப்பு உணவு

இதில் நீண்ட பேச்சு வேண்டாம். ஜூன்டீன்த் விருந்தில் சிவப்புப் பண்டங்கள் இருக்கும். தர்பூசணி, சிவப்பு சோடா, செம்பருத்தி இனத்துச் செடியின் புல்லிவட்டத்தில் காய்ச்சிய பானம். அந்தப் பானத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் வேர் உண்டு. நம் புளிச்சக்கீரைக்கு நெருங்கிய சொந்தமான செடி அது. குழந்தைகளுக்குக் கொடுங்கள், மகிழ்ச்சியாகச் சாப்பிடட்டும். கொண்டாட்டம் அந்த மக்கள் தமக்காக உண்டாக்கிக்கொண்டது. 1872இல் ஹூஸ்டனின் கறுப்பின மக்கள், பாதிரியார் ஜாக் யேட்ஸ் போன்றோரின் தலைமையில் பணம் திரட்டி, இந்த நாளைக் கொண்டாடுவதற்கென்றே பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். விடுதலைப் பூங்கா என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. ஆனால் சிவப்புப் பண்டம் மட்டும் கொடுத்து, கொடி மட்டும் ஒட்டிவிட்டு அனுப்பினால், 1989இல் லூயிஸ் டெர்மன் ஸ்பார்க்ஸ் என்ற கல்வியாளர் தம் நூலில் 'சுற்றுலாப் பாடத்திட்டம்' என்று கண்டித்ததைத்தான் நாமும் செய்திருப்போம். ஒரு நாள் போய் உணவைச் சுவைத்துவிட்டுத் திரும்பும் பயணம்.

5. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தை

கென்னத் கிளார்க், மாமி கிளார்க் தம்பதியர் 1940களில் நடத்திய பொம்மைச் சோதனையைப் பற்றி இங்கிருக்கும் ஆசிரியர் பயிற்சி மாணவியர் படித்திருப்பீர்கள். மூன்று முதல் ஏழு வயது வரையான கறுப்பினக் குழந்தைகளிடம், நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டி நல்ல பொம்மை எது என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். 1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டவிரோதம் என்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அவர்களது ஆய்வும் சுட்டப்பட்டது. மூன்று வயதில் குழந்தைக்கு நிறம் தெரியாது, நாம்தான் கிளறிவிடுகிறோம் என்று சொல்வோருக்கு நான் இதைத்தான் காட்டுவேன். நாம் வாய்திறக்கும் முன்பே குழந்தைகளுக்கு நிறத்தின் மதிப்புப்பட்டியல் கிடைத்துவிடுகிறது.

எனவே ஜூன் 19 அன்று மட்டும் கறுப்பின மனிதர் ஒருவர் வகுப்புக்குள் நுழைந்தால், அவர் அடிமையாகவே நுழைகிறார். பள்ளியாண்டு தொடங்கும் ஆகஸ்டிலிருந்தே, மருத்துவராக, பாட்டியாக, சமையல் செய்யும் அப்பாவாக, மழையில் குதிக்கும் சிறுமியாகப் படப் புத்தகங்களில் அவர்கள் வந்துபோய்க்கொண்டிருக்க வேண்டும். கதை சொல்லும்போது வகுப்பில் இருக்கும் ஒரே கறுப்பினக் குழந்தையின் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள். அந்த ஒரு பார்வையைக் குழந்தை நெடுநாள் சுமக்கும்.

6. தமிழில் சொல்லும்போது

டெக்சஸில் குழந்தை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. வீட்டில் இதைத் தமிழில் சொல்ல முனைந்தால் 'அடிமை' என்ற சொல் தடுக்கும். பக்தி இலக்கியத்தில் ஊறிய வீட்டில் இறைவனுக்கு அடிமை என்பது பெருமை. 'அடியேன்' என்று தாத்தா சொல்லக் கேட்ட குழந்தை குழம்பும். அதனால் "அடிமைங்க" என்று பெயர்ச்சொல்லாக வைக்காமல், "பிடிச்சு வெச்சாங்க", "விடலை" என்று வினையாகச் சொல்லுங்கள். வினையில் செய்தவர் யார் என்பது தெரிந்துவிடும். மனிதரை விற்ற ஓலைகள் நம் மண்ணிலும் எழுதப்பட்டன. ஆ. சிவசுப்பிரமணியனின் 'தமிழகத்தில் அடிமைமுறை' என்ற நூலைப் படித்தவர்கள் இதை அயலார் கதை என்று ஒதுக்க மாட்டார்கள்.

காலத்தை எப்படிச் சொல்வது? நான்கு வயதுக் குழந்தைக்கு 1865 கிடையாது. போன வாரமும் 'நேத்து', போன தீபாவளியும் 'நேத்து'. ஆனால் பாட்டி என்றால் தெரியும். அதனால் நான் கதையை ஓப்பல் லீ என்ற பாட்டியிடம் கொண்டுபோய் முடிப்பேன். 1926இல் டெக்சஸில் பிறந்தவர், ஆசிரியையாக இருந்தவர். ஃபோர்ட் வொர்த் நகரில் அவர் குடும்பம் வாங்கிய வீட்டை வெள்ளையர் கும்பல் ஒன்று தாக்கி அழித்தது. அது 1939 ஜூன் 19. அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. இந்த நாளை நாடு முழுவதற்கும் விடுமுறையாக்க வேண்டும் என்று 2016இல், தம் 89ஆம் வயதில், வாஷிங்டனை நோக்கி நடக்கத் தொடங்கினார். விடாமல் வைத்திருந்த இரண்டரை ஆண்டுகளுக்காக, போகும் ஊர்களில் இரண்டரை மைல் நடந்தார். டெக்சஸ் மாநிலத்தில் 1980 முதலே இது அரசு விடுமுறை. 2021 ஜூன் 17 அன்று தேசிய விடுமுறையானது. அதற்கான சட்டத்தில் அதிபர் கையெழுத்திடும்போது ஓப்பல் லீயும் அங்கே இருந்தார்.

அவரைப் போல நாங்களும் காப்பக முற்றத்தைச் சுற்றி நடந்தோம். மூன்றாவது சுற்றில் ஒரு குழந்தை, "அந்தப் பாட்டிக்குக் கால் வலிச்சிருக்குமா?" என்று கேட்டது. ஆமாம், வலித்திருக்கும் என்றேன்.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலருக்கு அந்த நாட்டில் பேரக்குழந்தைகள் இருப்பார்கள். வரும் ஜூனில் வீடியோ அழைப்பில் ஒரு காகிதக் கொடியைக் காட்டினால், "அழகா இருக்கு" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். யார் யாரை விடாமல் வைத்திருந்தார்கள், தெரிந்தும் ஏன் விடவில்லை என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் சொல்லுங்கள். கூடவே ஓப்பல் லீ பாட்டியின் செய்தியையும் சொல்லுங்கள். 1939இல் வீடு பறிபோன அதே மனையில் அவருக்குப் புது வீடு எழுந்தது. 2024 ஜூனில் சாவியை வாங்கும்போது அவருக்கு வயது 97.